எலுமிச்சைத் தோலும் பாதி வெல்லமும்

குத்துக்கல்வலசை,
மாசி 9.

அன்புள்ள ஆனந்தவள்ளிக்கு,

இங்கே நான் நலம். பூனாவில் நீயும் மகனும் மருமகளும் பேத்தியும் நலமாக இருக்க இலஞ்சிக் குமாரரை வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசினால் என்ன என்று கேட்பாய். பேத்தி போனைப் பிடுங்கிவிடுகிறாள், இல்லாவிட்டால் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறீர்கள். நம் மகன் குற்றாலீஸ்வரன் காதில் விழக் கூடாத விஷயம் இது. முப்பது வருஷம் போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டராக இருந்தவனுக்கு ஒரு கடிதம் எழுத வராதா?

சாரலுக்கு வந்துவிடுவேன் என்று சொல்லிப் போனாய். சாரல் முடிந்து, தீபாவளியும் பொங்கலும் போய்விட்டன. குறை சொல்லவில்லை, கணக்காகச் சொல்கிறேன்.

வீட்டைச் சுத்தமாகத்தான் வைத்திருக்கிறேன். கடை லோஷன் வாங்குவதில்லை. புளியங்குடி மண்டியில் இருக்கும் நயினார் விலைபோகாத எலுமிச்சை அரை மூட்டை கொடுத்தனுப்பினான். தோல் மூன்று பங்கு, வெல்லம் ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு. டிரம்மில் போட்டு மூடி, தினமும் திறந்து காற்றைப் போக்கினால் மூன்று மாதத்தில் தரை துடைக்கும் தண்ணீர் தயார். வெல்லத்தை மட்டும் பாதியாகக் குறைத்தேன். என் சிக்கனம் உனக்குத் தெரியாததா!

பத்து நாள் அதை வைத்துத்தான் வீடு முழுக்கத் துடைத்தேன். வந்தவர்கள் எல்லாம் கேட்டுக்கு வெளியிலேயே நின்று பேசிவிட்டுப் போனார்கள். போலீஸ்காரன் வீடு, பயப்படுகிறார்கள் என்று எண்ணிக்கொண்டேன். கடைசியில் அடுத்த வீட்டு முத்துச்செல்விதான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, "மாமா, உள்ள எலி ஏதும் செத்துக் கெடக்கா? எங்க வீடு வரைக்கும் வாடை வருது" என்றாள். தேடிப் பார்த்தவள் டிரம் மூடியைத் திறந்ததும் வெளியே ஓடிவிட்டாள். வெல்லம் போதாமல் மொத்தமும் அழுகியிருக்கிறது. அந்த டிரம்முக்குள் தினமும் குனிந்தவன் நான்.

கற்பூரம், பெருங்காயம், பைக்கில் இருந்த பெட்ரோல், எல்லாவற்றையும் மூக்கில் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. ஐப்பசியில் வந்த காய்ச்சலோடு மோப்பம் போயிருக்கிறது. திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்கிறார் டாக்டர். மகனிடம் சொல்லிவிடாதே. வீட்டைப் பூட்டிவிட்டு வாருங்கள் என்று நிற்பான். கேஸ் கசிந்தால் எனக்குத் தெரியாது என்பதால் முத்துச்செல்வி காலையும் மாலையும் வந்து அடுப்படியை முகர்ந்துவிட்டுப் போகிறாள். பல நாள் நான் வாய் திறந்து பேசுவது அவளிடம் மட்டும்தான். வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

இனி எழுதுவதைப் படித்துச் சிரிக்காதே. நீ போன நாளிலிருந்து அவ்வப்போது உன் பீரோவைத் திறந்து நிற்பேன். சேலைகளில் உன் வாசம் இருக்கும். காய்ச்சலுக்குப் பிறகு அது தெரியாமல் போனபோது, நாளானதால் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். டிரம் கதை நடந்த அன்று, நாற்றம் வீடெல்லாம் ஏறியிருக்கும் என்ற பதற்றத்தில், வசம்பும் கற்பூரமும் ஐந்தருவிக் கடையில் வாங்கிய எலுமிச்சைப் புல் தைலமும் சேர்த்துப் பொட்டலம் கட்டி அறைக்கு அறை வைத்தேன். புத்தி கெட்டு உன் பீரோவிலும் வைத்துவிட்டேன். மூன்று நாள் கழித்துத்தான் உறைத்தது. எடுத்து எறிந்தேன். சேலையை முகத்தோடு வைத்துப் பார்க்கிறேன், வெறும் துணியாக இருக்கிறது. உன் வாசம் அதில் இன்னும் இருக்கிறதா, நானே அழித்துவிட்டேனா, தெரியவில்லை. முத்துச்செல்வியைக் கூப்பிட்டு இதை முகர்ந்து சொல் என்று கேட்க முடியுமா?

பேத்திக்கு என் ஆசி. அவளை விட்டு வருவது உனக்குக் கஷ்டம் என்று தெரியும். சமைக்கவோ வீடு துடைக்கவோ உன்னைக் கூப்பிடவில்லை வள்ளி. ஒரு வாரம் வந்து, அந்தச் சேலைகளை ஒவ்வொன்றாகக் கட்டி, துவைக்காமல் மடித்து வைத்துவிட்டுப் போ. என்றைக்காவது எனக்கு மூக்கு திரும்பினால், பீரோவில் நீ இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் தங்கசாமி