முன்பக்கம் ஒன்றரை இன்ச்

ஜனவரி 8, திங்கள்

தையல் கம்பெனியின் செக்கிங் மேசையில் பிசிறு நூல் வெட்டிக்கொண்டிருந்தேன். முதலாளியின் மருமகள் வந்தார். நாங்கள் சின்ன மேடம் என்போம். வாசலில் நின்றபடி வரிசையாக எல்லாரையும் பார்த்தார். விரல் என்னிடம் வந்து நின்றது. "அவங்களை வரச் சொல்லுங்க."

ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே போனேன். தப்பு ஒன்றுமில்லையாம். கொரியப் பாட்டுக்காரப் பெண்கள் மேடையில் போடுகிறார்களே, குட்டைக் கோட்டு, மடிப்புப் பாவாடை, தொளதொள பேன்ட், அதையெல்லாம் எல்லா உடம்புக்கும் ஏற்றமாதிரி தைத்து விற்கப்போகிறார்கள். பெரிய சைஸுக்கு ஒரு ஆள் வேண்டும். தைத்ததைப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும்.

"குள்ளம், இடுப்பு அகலம், வயிறும் இருக்கு. சரியா இருக்கும்," என்றார் மேனேஜரிடம். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. மாடு வாங்க வருகிறவன்கூட பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டு மாட்டின் முதுகில் ஒரு தட்டு தட்டுவான்.

சரி என்றேன். வீட்டுக்காரர் வேலை பார்த்த கிடங்கை மூடி நாலு மாதம். முடியாது என்று சொல்ல எனக்கு ஏது வாய்?

ஜனவரி 11

காகிதத்தில் அளவு வரைந்து வெட்டித் தருகிறவளை எல்லாரும் பேட்டர்ன் அக்கா என்பார்கள். என்னைவிட இரண்டு வயது சின்னவளாகக்கூட இருக்கலாம். கூப்பிடும்போது அக்கா, நீங்க. எழுதும்போது 'அவள்' என்றுதான் வருகிறது. எப்போதும் வாயில் குண்டூசி. அதனால் பாதிப் பேச்சு மூக்கு வழியாக.

முதல் கோட்டைப் போட்டேன். பின்னால் ஒழுங்காக நின்றது. முன்னால் தூக்கிக்கொண்டு தொப்புள் தெரிந்தது. என் கை தானாக வயிற்றை மூடப் போனது.

"கையை எடு. மூடாதே. தப்பு துணியில இருக்கு."

எத்தனை கடை ஏறி இறங்கியிருக்கிறேன். ஒருத்தரும் எனக்கு இதைச் சொன்னதில்லை.

ஜனவரி 19

ஏழாவது ட்ரையல். முன்பக்கத்தைப் பின்பக்கத்தைவிட ஒன்றரை இன்ச் நீளமாக வெட்டினாள். வயிறும் மார்பும் சாப்பிடுகிற துணியை முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டுமாம். பாவாடை மடிப்புகளை இடுப்பிலிருந்து ஒரு சாண் வரைக்கும் மூடித் தைத்துவிட்டாள். குடை விரித்த மாதிரி இருந்தது அடங்கிவிட்டது. கீழே மட்டும் விரிகிறது. நடந்தால் ஆடுகிறது.

கண்ணாடியில் பார்த்தேன். நானேதான். இன்னொரு தடவை பார்த்தேன்.

"என்ன, உன்னை நீயே கண்ணு வைக்கிறியா?" என்றாள், குண்டூசியோடு. சிரித்ததில் ஊசியை விழுங்கியிருப்பாள்.

மிச்சத் துணியில் என் மகளுக்கு ஒரு கோட்டு தைத்துக் கொடுத்தாள். பத்தாவது படிக்கிறாள். கட்டில் தலைமாட்டில் அந்தப் பாட்டுக்காரிகள் படமாக ஒட்டி வைத்திருக்கிறாள், உடம்பு வாகு மட்டும் என்னுடையது. போட்டுப் பார்த்துவிட்டு, "அம்மா, பத்துதும்மா!" என்று கத்தினாள். பிறந்ததிலிருந்து 'பத்தலை'யே கேட்டு வளர்ந்த பிள்ளை.

பிப்ரவரி 2

நன்றாகப் போகிறது. எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 14

படம் எடுத்தார்கள். என்னைக் கூப்பிடவில்லை. என்மேல் வைத்து அளவெடுத்த கோட்டை ஒரு ஒல்லிப் பெண் போட்டிருந்தாள். முதுகுப்பக்கம் எட்டு கிளிப். துணி காயப்போடுகிற கிளிப். முன்னாலிருந்து பார்த்தால் கோட்டு அவளுக்காகவே பிறந்தது போல இருந்தது.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நின்று நின்று கால் கடுத்து, "அக்கா, கொஞ்சம் தண்ணி தரீங்களா?" என்றாள். கொடுத்தேன்.

ராத்திரியே விளம்பரம் வந்துவிட்டது. வீட்டில் மகள் போனில் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். "இதுல நீ எங்கம்மா?"

பின்னால் இருக்கிறேன் என்றேன்.

பிப்ரவரி 17

இன்று வெட்டுகிற இடத்தில் சண்டை. நான் பக்கத்திலேயே நின்றேன். எல்லாம் காதில் விழுந்தது. எழுதி வைக்கிறேன்.

அக்கா: "முன்பக்க நீளத்தை யாரு சார் குறைச்சது?"

மேனேஜர்: "ஒரு கோட்டுக்கு ஒன்றரை இன்ச்னா, மொத்தத்துக்கும் எத்தனை சுருள் துணி? முன்னும் பின்னும் ஒரே நீளம் போதும். சின்ன சைஸையே கம்ப்யூட்டர்ல சுத்திலும் பெரிசு பண்ணியாச்சு. பார்த்தா தெரியவா போகுது?"

"பார்த்தா தெரியாது. போட்டா தெரியும்."

அவர் போய்விட்டார். அவள் வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டாள். சின்ன மேடத்திடம் போகலாமே என்றேன். "போயாச்சு. மேனேஜரைப் பாருங்கன்னு அனுப்பிட்டாங்க."

மார்ச் 20

மூட்டை மூட்டையாகத் திரும்பி வருகிறது. என்னை மறுபடி செக்கிங்கில் உட்கார வைத்து, வந்ததைப் பிரித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். பெரிய சைஸ்தான் எல்லாம். தோள் வழிகிறது, வயிறு ஏறுகிறது. வாங்கிய பெண்கள் போட்டு எடுத்த படத்தை யார் யாரோ போனில் எடுத்துப் போட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறார்களாம். மகள் பார்த்திருக்கிறாள். அவளுடைய கோட்டில் ஒரு குறையும் கிடையாது. இருந்தும் இனிமேல் போடமாட்டாளாம்.

ஒரு சீட்டு. திருப்பி அனுப்பும் காரணம் என்ற இடத்தில் ஒருத்தி எழுதியிருக்கிறாள்: 'என் உடம்பு சரியில்லை.'

காய்ச்சலைச் சொல்லவில்லை அவள்.

மார்ச் 21, வியாழன்

மேனேஜர் ரூமுக்குக் கூப்பிட்டார். தட்டச்சு செய்த காகிதம், நாலு வரி. ட்ரையலின்போதே முன்பக்கம் தூக்கியது, நான் சொன்னேன், பேட்டர்ன் எடுத்தவர் கேட்கவில்லை. கீழே என் பெயர், பக்கத்தில் கையெழுத்துக்கு ஒரு கோடு.

முதல் நாள் தூக்கியது உண்மை. அந்த ஒரு உண்மையில் பொய் முழுவதையும் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

"சார், அவங்க அப்புறம் சரி பண்ணாங்களே. நீங்கதானே—"

"அப்ப உங்க உடம்பு தினம் ஒரு அளவா இருந்துச்சு, அதான் கோளாறுன்னு எழுதிக்கலாமா? யாராவது ஒருத்தர் பேர்ல போகணும். நாளைக்குச் சொல்லுங்க."

வீட்டுக்காரரிடம் சொன்னேன். சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "கையெழுத்துதானே. போட்டுட்டு வா. அந்தம்மா கையில தொழில் இருக்கு, எங்க போனாலும் பிழைச்சுக்கும். நம்ம கையில என்ன இருக்கு?"



மார்ச் 22

போட்டேன்.

மார்ச் 25

அவள் மேசையைத் துடைத்து வைத்திருக்கிறார்கள். கத்தரிக்கோலை எடுத்துப் போய்விட்டாள், அது அவளுடைய சொந்தம். ஸ்கேல் இருக்கிறது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் எந்த இடத்துல இருக்குன்னு எனக்குத் தெரியும். நான் என்ன பண்ணியிருக்கணும்? ரெண்டு பேரும் வெளிய போயிருக்கணுமா? போயிருந்தா அவளுக்கு என்ன கிடைச்சிருக்கும்? — இப்படியே கேட்டுக்கிட்டு இருக்கேன். கேக்கறதும் நான், தப்பிக்கறதும் நான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "இல்ல சார்"னு சொல்லிப் பார்த்திருக்கலாம். தொண்டையில வந்துச்சு. வந்துட்டுப் போயிடுச்சு.

ஏப்ரல் 17

தேங்கிப்போன கோட்டுகளை விற்க வழி கண்டுபிடித்துவிட்டார்கள். உள்ளே போட்டுக்கொள்ள ஒரு இறுக்கு உடை. மார்பிலிருந்து தொடை வரை. அதைப் போட்டுக்கொண்டால் வயிறு அமுங்கும், கோட்டு இறங்கும். கோட்டோடு சேர்த்தே விற்பார்களாம். ட்ரையலுக்கு நான்தான். அக்கா இடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் மாஸ்டர் நல்ல மனுஷன், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவிக்கிறார். அவர் அளவெடுத்து முடிக்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். பிடிக்கச் சொல்லவில்லை. நானாகத்தான்.

ஜூன் 10

"அந்த இறுக்கு உடையில சாம்பிள் மிச்சம் இருந்தா எனக்கும் ஒண்ணு கொண்டு வாம்மா," என்கிறாள் மகள். எதற்கு என்று அதட்டினேன். "நீ போடற இல்ல?" என்றாள்.

ஜூன் 14, வெள்ளி

பஸ் நிறுத்தத்தில் பேட்டர்ன் அக்கா. ஒளியலாம் என்றால் தூண்கூட இல்லை. அவளே வந்தாள்.

ஒரு சலவைக் கடையில் ஓரமாக மெஷின் போட்டுக் கொடுத்திருக்கிறார்களாம். "பேன்ட் கால் மடிச்சுத் தைக்கிறேன். பேட்டர்ன் எடுக்க யாரும் கூப்பிடலை. போன எடத்துக்கெல்லாம் நம்ம கம்பெனியிலேர்ந்து ஃபோன் போயிருக்கு."

பேசிக்கொண்டே என்னை மேலிருந்து கீழே பார்த்தாள். டேப் எதற்கு அவளுக்கு.

"இடுப்பு ரெண்டு இன்ச் போயிருக்கு. தோளும் இறங்கியிருக்கு. உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்லக்கா." பிறகு, "அக்கா, அந்தக் கையெழுத்து—"

"காட்டினாங்க. படிச்சேன்."

அதோடு சரி. திட்டவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என் பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

நாளைக்கு ஒன்பதரைக்கு ட்ரையல். வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருக்கிறார்கள்.