காட்டு மூலைக்கு நீ கொடுத்த சம்மதம்

அன்புள்ள மகளுக்கு,

நீ சௌக்கியம் என்று நம் தெருச் சங்கச் செயலாளர் சொல்லித் தெரிந்துகொண்டேன். அவரிடம் பேச நேரம் இருக்கிறவளுக்குச் சௌக்கியத்தில் என்ன குறை. இங்கே நானும் உன் தம்பியும் நலம்தான். போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், கடிதத்தில் அது முடியாது, அதனால்தான் எழுதுகிறேன். கோபத்தில் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், கஷ்டப்பட்டுப் படி.

போன ஞாயிறு பூங்காவில் கூட்டம் போட்டார்கள். ஊஞ்சலுக்குப் பின்னால் புதரும் புல்லுமாக ஒரு மூலை இருக்கிறதே, பிள்ளைகள் காட்டு மூலை என்பார்களே, அதை வழித்து எறிந்துவிட்டு டைல்ஸ் போடலாமா என்பதுதான் பேச்சு. விட்டால் செயலாளர் வானத்துக்கும் டைல்ஸ் போடுவார், தெருவே அவரை டைல்ஸ் மாமா என்றுதான் சொல்கிறது. நான் எழுந்து கூடாது என்றேன். வெயிலில் சறுக்குமரம் சுடுகிறது, ஒரு பிள்ளையும் ஏறுவதில்லை, எல்லாம் அந்தப் புதருக்குள்தான் வீடு கட்டி விளையாடுகின்றன, மழைத் தண்ணீர் நிற்கிற பள்ளத்தில் தவளை பார்க்கின்றன, அதையும் பிடுங்கிவிட்டால் அதுகள் எங்கே போகும் என்று கேட்டேன். எதிர்வீட்டுத் தையல்காரம்மாவும் ஆமாம் போட்டாள். வீட்டுக்கு ஒரு ஓட்டு, வேண்டாம் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றதும் முதல் ஆளாகத் தூக்கினேன். டைல்ஸ் மாமா சிரித்துக்கொண்டே, கையை இறக்குங்கம்மா, நீங்க வீட்ல இருக்கறவங்க, வீடு உங்க பொண்ணு பேர்லதான் இருக்கு, அவங்க நேத்தே போன்ல சரின்னு சொல்லிட்டாங்க என்றார். அத்தனை பேர் முன்னால். தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டேன். இரண்டு பக்கமும் சரிசமமாக நின்றதாம், நம் வீட்டு ஓட்டுதான் அந்த மூலையைச் சாய்த்தது.

வீட்டுக்கு வந்து உன்னைக் கூப்பிட்டுக் கேட்டால், நீ அங்கதானம்மா வழுக்கி விழுந்த, உன் நல்லதுக்குத்தான் சொன்னேன் என்கிறாய். யார் சொன்னது உனக்கு? என் காலை வாரிவிட்டது ஊஞ்சலைச் சுற்றி டைல்ஸ் மாமா போட்டு வைத்திருக்கிற வழவழ டைல்ஸ். உருண்டுபோய் விழுந்தது காட்டு மூலைப் புல்லில், அதனால்தான் இடுப்பு தப்பியது. தள்ளிவிட்டதை இன்னும் கொஞ்சம் போடச் சொல்லி, தாங்கியதை வெட்டச் சொல்லியிருக்கிறாய். அம்மா பூங்காவில் விழுந்துவிட்டாள் என்று தம்பி சொன்னதும் நீயே முடிவு கட்டிவிட்டாய், எங்கே விழுந்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. படியேறக் கூடாது, என் நல்லதுக்கு என்று சொல்லித்தான் மாடி அறையைப் பூட்ட வைத்தாய், பொறுத்துக்கொண்டேன். இதைப் பொறுக்க மாட்டேன். வெட்டுகிற ஆட்கள் மாதக் கடைசியில் வருகிறார்கள். நீ செயலாளரைக் கூப்பிட்டு வேண்டாம் என்றால் நிற்கும், இங்கேயே கிடக்கிற நான் சொன்னால் நிற்காது, அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. இதைக் கெஞ்சலாக எடுத்துக்கொள்ளாதே. கொடுத்த வார்த்தையைத் திரும்ப வாங்கு. வாங்காவிட்டால், யார் வெட்டச் சொன்னது பாட்டி என்று அந்தப் பிள்ளைகள் என்னிடம்தான் வந்து கேட்கும். என் பொண்ணுதான், எல்லாம் என் நல்லதுக்குத்தான் என்று சொல்லுவேன்.

பேத்தியை நாள் முழுக்க டிவி முன்னால் உட்கார வைக்காதே, மண்ணில் இறங்கி விளையாட விடு. மாப்பிள்ளையை முதுகு வலிக்கு நல்ல டாக்டராகப் பார்க்கச் சொல். கோபம் கோபமாக இருக்கட்டும், நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். முதலில் செயலாளரைக் கூப்பிடு, அப்புறம் என்னைக் கூப்பிடலாம். அதுவரைக்கும் போனை எடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா