தள்ளுவண்டியில் எழுதிய ஊர்

மார்ச் 5, வியாழன்

எழுத்து கோணல்மாணலாக வருகிறது. நோட்டே, பொறுத்துக்கொள், அறுபது வயதில்தான் முதன்முதலாகப் பேனா பிடித்த கை. ஆனாலும் எழுத எழுதச் சந்தோஷமாக இருக்கிறது.

துபாயில் எங்கள் பனிச்சறுக்கு அரங்கில் அழுக்குப் பனியைச் சுரண்டி, தள்ளுவண்டியில் பின்வாசலுக்குக் கொண்டுபோய்க் கொட்டுவது எனக்கும் நேபாளி தன்பகதூருக்கும் டியூட்டி. இன்று மதியம் அவன் வண்டியைக் கவிழ்க்காமல் நின்றான். அவன் மனைவி போனில் வீடியோ அனுப்பியிருந்தாள். ஊருக்கு மேலே இருக்கும் மலை, இந்தக் குளிர்காலத்திலும் வெறும் கறுப்புப் பாறை.

“பரஃப் மாஃபி, சாச்சா. பானியும் மாஃபி” என்றான். பனியும் இல்லை, தண்ணீரும் இல்லையாம். பனி விழாவிட்டால் ஓடையில் தண்ணீர் வராதாம். பாதி ஊர் கிளம்பிவிட்டது. தானும் வீட்டைப் பூட்டட்டுமா என்று அவள் கேட்கிறாள். அடுத்த லீவில் ஒரேயடியாகப் போய் விவசாயம் பார்க்க இருந்தவன்.

அவனைச் சிரிக்க வைக்க, “உன் ஊர் பேரச் சொல்லுப்பா, இந்தப் பனியில எழுதிக் காட்டுறேன்” என்றேன்.

“நீயா? எழுதி முடிக்கிறதுக்குள்ள ஷாம் ஆயிடும், சாச்சா!” சாயங்காலமாகிவிடுமாம்.

நான்கே எழுத்துதான். விரலால் எழுதினேன். உள்ளே குளிரூட்டும் மெஷின்கள் அந்தப் பின்வாசலில்தான் அனலைக் கக்குகின்றன. மூன்றாவது எழுத்தைப் போடுவதற்குள் முதல் எழுத்து தண்ணீராகிவிட்டது. மறுபடி போட்டேன், இரண்டாவது போய்விட்டது.

“கலாஸ், சாச்சா”, முடிந்தது என்று வண்டியைக் கவிழ்த்தான்.

இரவு அவன் சாப்பிடவில்லை. எங்கள் அறையில், எனக்கு மேல் கட்டிலில் அந்த வீடியோவையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

அவன் ஊர்ப் பெயரை இங்கே பேனாவால் எழுதிவிட்டேன்: குமாலிங். அழியவில்லை. அந்த வீட்டில் அடுப்பு எரிகிறதா, பூட்டு தொங்குகிறதா என்று அடுத்த வாரம் எழுதுகிறேன்.