எட்டு மாதம் வேகாத முட்டை

அன்புள்ளவளுக்கு,

நான் சுகம். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா?

என் அறைக்கூட்டாளியான வெல்டர் வேறு மதத்துக்காரர். அவர் மனம் நோகக் கூடாதென்று நான் நூலகத்தில் அவர் மதத்தைப் பற்றி மூன்று புத்தகம் படித்து, எட்டு மாதமாக அறையில் முட்டைகூட வேகவைக்கவில்லை. நேற்று அவர் அலமாரியில் நம் மதத்தைப் பற்றிய புத்தகம் கிடந்தது! எனக்காக அவரும் முட்டையை விட்டிருக்கிறார்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேய்யா!" என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆறு முட்டையை அங்கேயே பொரித்துத் தின்றோம்.

அதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எனக்கு இனிப்பு ஆகாதென்று ஒன்பது வருடமாக நீயும் சர்க்கரை போடாத டீயே குடிக்கிறாய். உனக்குச் சர்க்கரை வேண்டுமா? நீயே எழுதினால்தான் உண்டு. உன்னைப் பற்றி எந்த நூலகத்திலும் புத்தகம் கிடையாது.

என் பழைய கண்ணாடியை யாரிடமாவது கொடுத்தனுப்பு. வேலைக்குச் சைரன் ஊதிவிட்டது, ஓடுகிறேன்.

உன் வீட்டுக்காரன்