கீழே இறங்கும் கோடு

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

நலம் என்று எழுதித்தானே தொடங்க வேண்டும், எழுதிவிட்டேன். வாய் ஓயாத உன் அக்காவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் போன் போடாதே, மெயிலிலேயே கடிதம் எழுது.

உன் புற்றுநோய்க் கட்டுரையை உலகம் முழுக்க மேற்கோள் காட்டுகிறார்களாமே. சின்ன வயதில் என்னைப் பற்றி அம்மாவிடம் கோள் சொன்னவனுக்கு இன்று மேற்கோள், கலிகாலம். நானும் அகராதியை வைத்துக்கொண்டு படித்துப் பார்த்தேன். தமிழ்ப் புத்தகங்களில் பிழை திருத்தியே கண் போனவளுக்கு உன் ஆங்கிலம் பாதிதான் விளங்கியது. மூன்றாவது படத்தில் உயிர் பிழைத்தல் என்று போட்டு ஒரு கோடு சரசரவென்று கீழே இறங்குகிறதே, அது மருந்து கொடுத்த கோடா, கொடுக்காத கோடா? சும்மாதான் கேட்கிறேன்.

அன்புடன்,
அக்கா

மார்ச் 5

அன்புள்ள அக்காவுக்கு,

வெந்நீர் குடி, ஒரு வாரமாவது வாயை மூடு. அத்தானுக்கும் ஓய்வு கிடைக்கும்.

அந்தக் கோடுதான் எனக்குச் சோறு போடுகிறது. மருந்து கொடுத்த கோடேதான். எங்கள் லேபில் அவர்களைப் பிள்ளைகள் என்போம். வேளாவேளைக்கு ஊட்டி, குளிர் படாமல் வைத்து, அப்படி வளர்த்தோம். மருந்து உள்ளே போனதும் பத்தில் ஒருவர்கூடத் தேறவில்லை, கூண்டோடு கைலாசம். அன்றைக்குக் கேக் வெட்டினோம். இப்போது ஆஸ்பத்திரிகளிலும் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

உன் தம்பி

மார்ச் 7

தம்பிக்கு,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பிழை எதுவும் தென்படவில்லை.

எனக்குத் தொண்டை கட்டவில்லை. தொண்டையில் கட்டி. டாக்டர் சீட்டில் எழுதிய மருந்தும் உன் கட்டுரைத் தலைப்பில் இருக்கும் மருந்தும் ஒன்று. நேற்றுதான் முதல் ஊசி போட வேண்டிய நாள். கட்டிலில் படுக்க வைத்துக் கையைத் துடைத்துவிட்டார்கள். பாத்ரூம் போவதாகச் சைகை காட்டிவிட்டுப் பின்வாசல் வழியாக வந்துவிட்டேன். உன் அத்தானிடம் ஊசி போட்டாயிற்று என்று பொய் சொல்லியிருக்கிறேன்.

மருந்தை நினைத்தாலும் பயம், மருந்தில்லாமல் இருக்கவும் பயம். பிள்ளைகள் என்று சொல்லி வளர்த்து, அவர்கள் செத்ததற்குக் கேக் வெட்டிய உன்னை நினைத்தால் அதைவிடப் பயம். நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவனா நீ? இனி எழுதாதே.

அக்கா

மார்ச் 7

அக்கா,

போனை எடு. அத்தானும் எடுக்கவில்லை. அவசரமாகத் தட்டுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

செத்தது மனிதர்கள் இல்லை. கண்ணாடித் தட்டில் வளர்த்த புற்றுநோய்ச் செல்கள். அவை சாக வேண்டும் என்றுதான் மருந்தே. பிள்ளைகள் என்பது எங்களுக்குள் ஒரு கேலி. ஆங்கிலத்தில் உயர்திணை, அஃறிணை கிடையாது, படத்தைப் பார்த்து உனக்குத் தெரிந்திருக்காது. தமிழில் எழுதிய நானாவது ஒன்றுகூட என்று எழுதியிருக்க வேண்டும், ஒருவர்கூட என்று எழுதித் தொலைத்தேன். அவர்கள் இல்லை அக்கா, அவை.

உன் உடம்பில் மருந்து கேட்குமா என்றால், தெரியாது. தட்டில் நடந்தது மட்டும்தான் என் கட்டுரை. பிறகு மருந்து எடுத்துக்கொண்ட நோயாளிகளில் பாதிப் பேருக்குக் கட்டி சுருங்கியது, மீதிப் பேருக்கு இல்லை. இத்தனை பேர் மேற்கோள் காட்டியும் அந்த மீதிப் பேரை நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. இன்று அவர்களில் உன் முகம் தெரிகிறது. எனக்கும் பயமாக இருக்கிறது. ஆனாலும் போ. ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுவேன், அதுவரை காத்திருக்காதே.

தம்பி

மார்ச் 9

அன்புள்ள தம்பிக்கு,

ஒரு கையால் தட்டுகிறேன், மறு கையில் ஊசி. நிச்சயம் குணமாகும் என்று நீ எழுதியிருந்தால் வந்திருக்க மாட்டேன். தெரியாது என்றாய், நம்பினேன்.

இந்த மருந்தைப் பற்றி எழுதியவன் என் தம்பி என்று நர்ஸிடம் எழுதிக் காட்டினேன். "அப்படியாம்மா? கையை ஆட்டாம வையுங்க" என்றாள். இங்கே உன் புகழ் அவ்வளவுதான்.

சொட்டுச் சொட்டாக இறங்குவதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் எந்தப் பாதியில் இருக்கிறேனோ. பயம் போகவில்லை. நேற்றிலிருந்து குரல் சுத்தமாக இல்லை. திரையை இழுத்துவிட்டுப் போய்விட்டால் யாரையும் கூப்பிட முடியவில்லை. வீட்டுக்குப் போகாமல் நேரே இங்கே வா. பக்கத்தில் உட்கார்ந்து எனக்காகக் கூப்பிட ஆள் வேண்டும்.

உன் அக்கா