விருந்தாளியை வாசலில் நிறுத்தினோம், அக்கா

என் வாயாடி அக்கா செல்விக்கு,

உன்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செத்தவர்களிடம் கோபித்துக்கொள்ளக் கூடாது என்கிறார்கள். நீ இருந்த காலத்தில் நாம் சண்டை போடாத நாள் ஒன்று உண்டா? இப்போது மட்டும் வழக்கத்தை ஏன் மாற்ற வேண்டும்?

ஆனால் இன்றைக்கு எழுதுவது சண்டைக்காக இல்லை. உன் மகள் பவித்ராவைப் பற்றி ஒரு செய்தி. 'பயப்படாதே' என்று தொடங்கத்தான் ஆசை. நான் பயந்ததில் பாதியாவது நீயும் பயப்பட வேண்டும் என்பதால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

நம் இரண்டு பேருக்கும் வரும் அந்த விருந்தாளியை மறந்திருக்க மாட்டாய். இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிப்பார்கள், அவர்களுக்கும் தெரியட்டும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் ஒரு சின்ன இடம் காணாமல் போகும். அதன் ஓரத்தில் கோணல்மாணலாக ஒரு கோடு மினுக்க ஆரம்பிக்கும். நான் ரவிக்கைக் கழுத்தில் தைக்கும் ஜிகினா லேஸ் போலவே இருக்கும். அது மெல்ல விரிந்து, ஒரு பக்கமாக நகர்ந்து, முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடும். தலைவலி இல்லை, வாந்தி இல்லை.

உனக்கு முதன்முதலில் வந்தது விழுப்புரத்தில் உங்கள் மெஸ்ஸில், தோசை ஊற்றும்போது. "கல்லுல பாதி தோசயக் காணோம்டி" என்று போனில் சிரித்தாய். எனக்கும் திண்டிவனத்தில் தையல் கடையில் அப்படி ஊசி காணாமல் போகும் என்று சொன்னபோது உனக்கு ஒரே குஷி. "வலியும் இல்ல, செலவும் இல்ல. தானா வருது, தானா போவுது. விருந்தாளிடி இது" என்று பேர் வைத்தது நீதான்.

பேரோடு நின்றாயா? அதற்கு மரியாதையும் வைத்தாய். வந்த விருந்தாளியை 'எப்போ கிளம்புவீங்க' என்று கேட்பது நம் வீட்டில் பெரிய குற்றம் அல்லவா? அதையே சட்டமாக்கிவிட்டாய். விருந்தாளி வந்துவிட்டால் அறைக் கதவைச் சாத்த வேண்டும், விளக்கை அணைக்க வேண்டும், காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுத்துவிட வேண்டும். யாரும் கதவைத் தட்டக் கூடாது, எதுவும் கேட்கக் கூடாது. மாமாவுக்கும் பவித்ராவுக்கும் அது பாடமாகிவிட்டது. மெஸ்ஸில் சாப்பிட வருகிறவர்கள்கூட, "அக்காவுக்கு விருந்தாளியா?" என்று குரலைத் தணித்துக்கொள்வார்கள்.

திண்டிவனத்துக் கண் டாக்டரிடம் நான் காட்டினேன். கண்ணில் கோளாறு இல்லை, இது ஒரு வகை மைக்ரேன், ஆனால் வழக்கத்துக்கு மாறாக ஏதாவது வந்தால் ஓடி வா என்றார். உன்னையும் காட்டச் சொன்னேன். "கண்ணு நல்லாத்தானே தெரியுது, எனுக்கு எதுக்குடி டாக்டரு" என்றாய். பிரஷர் மாத்திரையையும் தலை சுற்றுகிற அன்றைக்கு மட்டும்தான் போட்டாய்.

அந்த நாளைப் பற்றி மாமா சொல்லித்தான் எனக்குத் தெரியும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் உன் கையிலிருந்து கரண்டி நழுவியது. "விருந்தாளி வந்துகீது. எடது பக்கம் ஒரே இருட்டா கீது" என்றாயாம். பேச்சு குழறியிருக்கிறது. அசதி என்று நினைத்துக்கொண்டார் மாமா. கதவைச் சாத்தச் சொன்னதே நீதான். உன் தூக்கம் கெடக் கூடாது என்று வீடே செருப்பைக் கழற்றிவிட்டு நடந்திருக்கிறது. சாயங்காலம் கதவைத் திறந்தபோது உன்னால் கண்ணைத் திறக்க முடியவில்லை. மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு, உடனே கொண்டுவந்திருந்தால் மருந்து கொடுத்துப் பார்த்திருக்கலாம் என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

என் கோபம் இதுதான் அக்கா. நம் விருந்தாளி எப்போதாவது இருட்டாக வந்திருக்கிறாளா? மினுக்கிக்கொண்டுதானே வருவாள்? ஆற அமர, மெதுவாகத்தானே வருவாள்? அவள் என்றைக்காவது கையைப் பிடித்து இழுத்திருக்கிறாளா, நாக்கைத் தொட்டிருக்கிறாளா? அன்றைக்கு அவள் பேரைச் சொல்லிக்கொண்டு வந்தது வேறு யாரோ. இத்தனை வருஷம் பழகிய உனக்குமா அது தெரியாமல் போனது?

இனி பவித்ரா விஷயத்துக்கு வருகிறேன். போன ஆவணியில், முகூர்த்த சீசன். கடையில் ரவிக்கைகள் மலையாகக் கிடந்தன. மிஷின் சத்தத்தில் போன் அடித்தது கேட்கவில்லை. மதியம் டீ குடிக்க எழுந்தபோதுதான் அவள் அனுப்பியிருந்த வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன்.

"சித்தி, அம்மாவோட விருந்தாளி என்னப் பாக்க வந்திருக்கு. ஜிகுஜிகுன்னு இருக்கு சித்தி. படுக்கப் போறேன், அப்புறமா பேசறேன்."

அந்தக் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். நீ போனபிறகு அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. உன் வீட்டு விருந்தாளி உன்னையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டதாக நினைத்திருக்கிறாள். டீ கிளாஸை அப்படியே வைத்தேன்.

போன் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன், எடுக்கவில்லை. மாமாவுக்குப் போட்டேன். மணி அடித்ததுமே எடுத்தார். எடுத்துக் கிசுகிசுத்தார்.

"மெதுவா பேசும்மா மலரு. பாப்பாவுக்கு விருந்தாளி வந்துகீது. கதவ சாத்திக்கினு படுத்துக்கினு இருக்கு. நான் வாசல்லியே ஒக்காந்துக்கினு இருக்கேன், யாரையும் கிட்ட விடல."

அதே மனிதர், அதே அறை, அதே காவல். அன்புக்கு ஒரு குறையும் இல்லை. அன்றைக்கும் அன்புக்குக் குறை இருக்கவில்லையே அக்கா.

"மாமா, கதவத் தட்டுங்க."

"இப்பதாம்மா படுத்துது. செத்த தூங்கட்டும்."

"தட்டுங்க மாமா. அன்னிக்கும் இப்படித்தான் ஒக்காந்துக்கினு இருந்தீங்க."

சொல்லக் கூடாத வார்த்தைதான். அதைத் தவிர வேறெதுவும் அவரை எழுப்பியிருக்காது. மறுமுனையில் அவர் எழுந்திருக்கும் சத்தம் கேட்டது. பிறகு கதவு தட்டும் சத்தம்.

பக்கத்துக் கடைக்காரம்மாவிடம் ஷட்டரை இறக்கச் சொல்லிவிட்டு, எதிரில் வந்த விழுப்புரம் பஸ்ஸில் ஏறிவிட்டேன். போன் காதிலேயே இருந்தது. "இன்னாக்கா, கத்திரிக்கோலோட யார வெட்டப் போறீங்க?" என்று கண்டக்டர் கேட்டபிறகுதான் இன்னொரு கையைப் பார்த்தேன். கத்திரிக்கோலை மடியில் வைத்து முந்தானையால் மூடினேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

காதில் மாமா கதவை இடித்துக்கொண்டிருந்தார். "பாப்பா, கதவத் தொற. பாப்பா..." முதலில் விரலால் தட்டியவர் இப்போது கையால் அறைந்தார். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் வரிசையில் நின்றது. முன்னால் ஒரு லாரி நகரவே இல்லை. அந்த லாரிக்காரனை நான் மனதுக்குள் திட்டிய திட்டு உனக்கே தெரியாத வார்த்தைகள். மாமா குரல் உடைந்துபோய், "செல்வி, செல்வி" என்று உன் பேரைச் சொல்லிக் கதவை இடிக்க ஆரம்பித்தார். தன் மகளைக் கூப்பிடுகிறோம் என்பதே அவருக்கு மறந்துவிட்டது.

பிறகு தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.

"இன்னாப்பா, ஏம்பா அழுவுற?" என்றாள் பவித்ரா. காதில் பஞ்சு, உன்னைப் போலவே.

போனை ஸ்பீக்கரில் போட்டு அவள் முன்னால் வைக்கச் சொன்னேன். அழுவதற்கு நேரமில்லை. "ஒரு கண்ண மூடிக்கினு பாரு. இப்ப இன்னொன்ன மூடு" என்றேன். எந்தக் கண்ணை மூடினாலும் அந்த மினுக்கல் தெரிகிறது என்றாள். திடீரென்று இருட்டானதா என்றேன். இல்லை, சின்னதாக ஆரம்பித்து மெதுவாகப் பெரிதானது, இப்போது ஓரத்துக்குப் போய்விட்டது என்றாள். அப்பாவைப் பார்த்துச் சிரி என்றேன். இரண்டு கையையும் தூக்கு என்றேன். "வாய் கோணுதா பாருங்க மாமா, கை எறங்குதா பாருங்க" என்று கத்தினேன். பஸ்ஸே என்னைத் திரும்பிப் பார்த்தது. கோணவில்லை, இறங்கவில்லை என்றார்.

கடைசியாக, "உங்கம்மா மெஸ்ஸுல கத்துவாளே, அத சொல்லு" என்றேன்.

"ரெண்டு பூரி, ஒரு கெட்டிச் சட்னி, பார்சேல்..." என்று உன் ராகத்திலேயே இழுத்தாள். ஓர் எழுத்துகூடக் குழறவில்லை. அப்போதுதான் அழுதேன் அக்கா. அழுதுகொண்டே, ஆட்டோ பிடித்து, என் பஸ் வரும் வழியிலேயே இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொன்னேன்.

"அதான் நல்லா கீதே" என்றார் மாமா.

"மொத தடவ வந்திருக்கு மாமா. வந்தது யாருன்னு நமக்கு இன்னா தெரியும்? ஜல்தி கிளம்புங்க."

ஆஸ்பத்திரி வாசலில் அவர்களுக்கு முன்னால் போய் நின்றது நான்தான். டாக்டரம்மா எல்லாம் சோதித்தார், ஸ்கேனும் எடுத்தார்கள். வலியில்லாமல் பார்வையில் மட்டும் வரும் மைக்ரேன்தான், பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்ல ராத்திரியாகிவிட்டது. குடும்பத்தில் வேறு யாருக்கு உண்டு என்று கேட்டார். உன் கதையை மாமாவே சொன்னார். அதுவரை அவர் அதை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

டாக்டரம்மா என்னைப் பார்த்து, "போன்ல நீங்க கேட்டதெல்லாம் சரிதான். ஆனா கை கால் மரத்துப் போனா, பேச்சு குழறினா, ஒரு கண்ணுல மட்டும் திரை விழுந்த மாதிரி ஆனா, ஒரு மணி நேரம் தாண்டியும் போகலன்னா, கேள்வி கேட்டுக்கிட்டு நிக்காதீங்க. நேரா இங்க வாங்க" என்றார். என் பிரஷரையும் பார்த்துவிட்டு எனக்கும் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். போடுகிறேன். உன்னைப் போல இல்லை, தினமும் போடுகிறேன்.

வெளியே டீக்கடை பெஞ்சில் பவித்ரா கேட்டாள்: "அப்ப அம்மா வரலியா சித்தி?"

"உங்கம்மா வந்தா இப்படி மினுக்கிக்கினு சத்தமில்லாம வருவாளா? ஊரையே கூட்டிக்கினு இல்ல வருவா" என்றேன். சிரித்தாள். சிரிக்கும்போதே அழுதாள். மாமா டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த டீ ஆறிப்போனது.

மறுநாள் காலையில் அவர் செய்த முதல் வேலை, ஸ்க்ரூ டிரைவர் எடுத்து அந்த அறைத் தாழ்ப்பாளைக் கழற்றியதுதான். திருகாணி இருந்த இடத்தில் துளைகள் அப்படியே இருக்கின்றன. அடைக்கலாமே என்றேன், இருக்கட்டும் என்றார்.

போன வாரம் எனக்கு விருந்தாளி வந்தாள். காஜா போட்டு முடித்துப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பட்டனைக் காணோம். ஊசியைக் கீழே வைத்துவிட்டு, விளக்கை அணைக்காமல், பவித்ராவுக்குப் போன் போட்டேன். "கைய தூக்கு சித்தி. ஒரு கண்ண மூடு. பூரி சொல்லு" என்று போலீஸ்காரி மாதிரி மிரட்டுகிறாள். வந்தது நம்மவள்தான் என்று தெரிந்தபிறகும், அவள் கிளம்பும்வரை போனை வைக்கவில்லை.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் அக்கா. இனி நம் வீட்டுக்கு எந்த விருந்தாளி வந்தாலும் வாசலிலேயே நிறுத்தி யார், எவர் என்று கேட்போம். எப்போ கிளம்புவே என்றும் கேட்போம். மரியாதை கெட்டால் கெடட்டும். உன் பிள்ளையை மூடிய கதவுக்குப் பின்னால் தனியாகப் படுக்க விடமாட்டேன்.

அன்றைக்கு உன் கதவைத் தட்ட ஒருத்தரும் இல்லையே என்று இன்னும் கோபத்தோடு இருக்கும்,

உன் தங்கச்சி, உன் மகளுக்குச் சித்தி,
மலர்