சட்டைக் கை பட்ட பந்து

மாப்பிள்ளைக்கு,

நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

நேற்று மத்தியானம் அரையிறுதி. நம் பில்லியர்ட்ஸ் லீக்கில் நடுவர் கிடையாது. பந்தில் கையோ சட்டையோ பட்டால் பட்டவனே ஒத்துக்கொள்ள வேண்டும். கடைசிக் கறுப்புப் பந்துக்குக் குனிந்தேன். எதிரணிப் பெயிண்டர், "பெரியவரே, சட்டை பட்டுருச்சு" என்றார்.

"சத்தியமா படல! கண்ணு எனக்கா உனக்கா?" என்று கத்தினேன்.

அவர் சண்டைக்கு வரவில்லை. தன் மகள் செல்போனில் எடுத்த வீடியோவைக் காட்டினார். மாப்பிள்ளை, என் சட்டைக் கை அவர்களுடைய மிச்ச மஞ்சள் பந்தை ஒரு விரல் அகலம் தள்ளுகிறது. நானோ ஒன்றுமறியாமல் குறி பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆட்டத்தை விட்டுக்கொடுத்துவிட்டு ஓரப் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன் அதே மேசையில், நீல முழுக்கைச் சட்டையில், "படவே இல்ல மச்சான்" என்று ஐந்து தடவை சொன்னீர்கள். நான் எண்ணினேன். "பொய்யனுக்கு என் அணியில இடமில்ல" என்றேன், எல்லார் முன்னாலும். அன்று முதல் தங்கையும் என் வாசலை மிதிக்கவில்லை.

உங்கள் சட்டை பட்டது; என் கண்ணால் பார்த்தேன். நீங்கள் சொன்னதும் பொய்யில்லை. இரண்டும் எப்படி உண்மையாக இருக்கும் என்று இந்த மரமண்டைக்கு நேற்றுதான் ஏறியது.

செவ்வாய்க்கிழமை அணி கூடுகிறது. அதே இடத்தில் நின்று இதைச் சொல்வேன். வந்தால் உங்கள் முகம் பார்த்து, வராவிட்டாலும் சொல்வேன். தங்கைக்கு வாசித்துக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
அரைக்கைச் சட்டைக்கு மாறிவிட்ட மச்சான்.